பேய்க்கும் சட்டம் உண்டு: இளையோர் அமானுஷ்யக் கொலை மர்ம நாவல்களை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கோடை விடுமுறையில், ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த என் அக்காள் மகள், பாதி படித்த ஆங்கில நாவல் ஒன்றை என் மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். "சித்தி, செத்துப்போனவளே ஆவியாக வந்து நிற்கிறாள். உன்னைக் கொன்றது யார் என்று அவளிடமே கேட்டுவிட்டால் கதை முடிந்தது. இன்னும் இத்தனை பக்கம் எதற்கு?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. ஒரு பழைய நோட்டை எடுத்துக் கொடுத்து, அந்தக் கேள்வியை முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு மீதியைப் படி என்றேன். இந்த வகை நாவல்களைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். அவற்றைப் பற்றி இதைவிட நல்ல கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்தவைதான். எந்த நாவலின் முடிவையும் இங்கே உடைக்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

முதல் படி: பேய் நிஜமா, வேஷமா?

கொலை மர்மக் கதைக்கும் பேய்க்கதைக்கும் நெடுநாள் பங்காளிச் சண்டை. துப்பறியும் கதையில் நடப்பது ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தாக வேண்டும். பேய்க்கதையில் காரணம் கைவிரித்துவிடும் இடத்தில்தான் கதையே தொடங்குகிறது. ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்கப் பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். அமானுஷ்ய சக்திகளுக்கு இடமே கிடையாது என்பது அவற்றில் இரண்டாவது. பரலோகத்தை நம்பிய பாதிரியாரே கதைக்குள் ஆவி நுழையக் கூடாது என்றார். அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1924இல் வெளிவந்த ஒரு சிறுகதையில், ரத்தக்காட்டேரி என்று சொல்லி வந்த வழக்கைப் பார்த்த ஷெர்லாக் ஹோம்ஸ், நம் தொழில் தரையில் கால் ஊன்றி நிற்பது, பேய்களுக்கு இங்கே வேலை இல்லை என்று வாட்சனிடம் சொல்லிவிடுகிறார்.

அவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. பூட்டிய அறைக்குள் ஒருவர் செத்துக் கிடக்கிறார், கடைசிப் பக்கத்தில் "ஆவி சுவர் வழியாக வந்தது" என்று முடித்தால், முந்நூறு பக்கம் மூளையைக் கசக்கிய வாசகர் ஏமாந்து போவார்.

இந்தச் சண்டையை எழுத்தாளர்கள் மூன்று விதமாகத் தீர்த்து வைத்திருக்கிறார்கள். ட்ஸ்வெட்டான் டோடோரோவ் என்ற விமர்சகர் 1970இல் பிரெஞ்சில் எழுதிய நூலில் இந்தப் பிரிவை அழகாக விளக்கியிருக்கிறார். நான் அதை வாசகருக்கு ஏற்றபடி எளிதாக்கிச் சொல்கிறேன். சில நாவல்களில் பேய் வேஷம். முடிவில் மனிதக் கை வெளிப்படும். சிலவற்றில் பேய் நிஜம். அந்த உலகத்தின் இயல்பு அது. மூன்றாவது வகையில் ஆவியா, மனிதச் சூழ்ச்சியா என்ற தவிப்பிலேயே நம்மை நிறுத்தி வைப்பார்கள். 1980களின் தொடக்கத்தில் குமுதத்தில் தொடராக வந்த சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' படித்தவர்களுக்கு இந்தத் தவிப்பு நன்றாகத் தெரியும். கணேஷும் வசந்தும் ஆவியா, விஞ்ஞானமா என்று மல்லுக்கட்டும் நாவல் அது.

புத்தகத்தின் பின்னட்டையையும் முதல் இரண்டு அத்தியாயங்களையும் படித்தாலே பெரும்பாலும் எந்த வகை என்று தெரிந்துவிடும். ஊரில் எல்லாரும் பேயைச் சாதாரணமாகப் பேசுகிறார்களா? காவல் துறைக்கும் அது தெரியுமா? அப்படியானால் பேய் நிஜம். ஒரே ஒரு ஆள் மட்டும் பார்க்கிறார், மற்றவர்கள் நம்பவில்லை என்றால், இப்போதைக்கு எந்தப் பக்கமும் சாயாதீர்கள்.

இந்த வழிகாட்டி பெரும்பாலும் பேய் நிஜமாக இருக்கும் நாவல்களைப் பற்றியது. அவற்றைப் படிப்பதுதான் கடினம், ருசியும் அவற்றில்தான் அதிகம்.

இரண்டாம் படி: எதிலிருந்து தொடங்குவது

'இளையோர் நாவல்' என்று பதிப்பகங்கள் சொல்வது பொதுவாக 12 முதல் 18 வயது வரையுள்ள வாசகர்களை மனதில் வைத்து எழுதப்படுபவை. துப்பறிபவர்களும் அதே வயதில் இருப்பார்கள். அவர்களுக்குப் பள்ளி உண்டு, வீட்டில் கட்டுப்பாடு உண்டு, போலீஸ் அவர்கள் சொல்வதைக் காதில் வாங்காது. இந்தத் தடைகளே கதையை நகர்த்தும். பெரியவர்கள் படிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. நான் நாற்பது வயதுக்கு மேல்தான் இவற்றில் பாதியைப் படித்தேன்.

என் யோசனை: முதல் புத்தகத்தில் பேயே வேண்டாம். தடயம் பார்க்கும் பழக்கம் முதலில் கண்ணுக்கு வரட்டும். ஹோலி ஜாக்சன் 2019இல் எழுதிய 'எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்' அதற்குப் பொருத்தமானது. பிப் என்ற மாணவி, ஐந்து வருடத்துக்கு முன் ஊரே முடிவுகட்டிவிட்ட ஒரு கொலை வழக்கைத் தன் பள்ளி ஆய்வுத் திட்டமாக எடுத்துக்கொள்கிறாள். நாவலுக்குள்ளேயே அவள் எடுத்த பேட்டிகளும் ஆய்வுக் குறிப்புகளும் சந்தேகப் பட்டியலும் அச்சாகியிருக்கின்றன. அவள் எப்படிக் குறிப்பெடுக்கிறாள் என்று பார்த்தே நாமும் கற்றுக்கொள்ளலாம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் பதிப்பில் கதை இங்கிலாந்தின் ஒரு கற்பனைச் சிற்றூரில் நடக்கிறது. அமெரிக்கப் பதிப்பில் ஊர் கனெக்டிகட் மாநிலத்துக்கு மாறிவிடும். நண்பர்கள் சேர்ந்து படிப்பதானால் எல்லாரும் ஒரே பதிப்பை வாங்குங்கள்.

இரண்டாவதாக, பேய் உள்ள நாவல். ஜோனதன் ஸ்ட்ரவுட்டின் 'லாக்வுட் அண்ட் கோ' வரிசையைத் தயக்கமின்றிச் சொல்வேன். 2013 முதல் 2017 வரை வந்த ஐந்து நாவல்கள். முதல் நாவல் 'தி ஸ்க்ரீமிங் ஸ்டேர்கேஸ்'. இங்கிலீஷ் வாசிப்பில் கொஞ்சம் தயங்குபவர்களுக்கும் இதன் நடை ஒத்துவரும்.

அதன் பிறகு எந்த வரிசையில் வேண்டுமானாலும் போகலாம். மாரீன் ஜான்சனின் 'தி நேம் ஆஃப் தி ஸ்டார்' (2011), லண்டன் விடுதிப் பள்ளிக்கு வரும் அமெரிக்கப் பெண்ணின் கதை. ஐடன் தாமஸின் 'செமெட்ரி பாய்ஸ்' (2020), லாஸ் ஏஞ்சலஸில் வாழும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களுக்குள் நடப்பது. லிப்பா ப்ரேயின் 'தி டிவைனர்ஸ்' (2012) 500 பக்கங்களுக்கு மேல் போகும் கனமான நாவல். 1926ஆம் வருடத்து நியூயார்க், மதுவிலக்குக் காலம், ஒரு தொடர் கொலைகாரன். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலச் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதி பார்த்தால் பயம் ஆறிப்போகும். ஒரே சொல் மூன்றாவது முறை வந்தால் மட்டும் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் சொல்லுக்குக் கதையில் வேலை இருக்கிறது.

மூன்றாம் படி: நோட்டில் மூன்று பத்தி

கொலை மர்ம நாவலுக்குள் இரண்டு கதைகள் ஓடுகின்றன என்பார்கள். ஒன்று கொலையின் கதை. நாவல் தொடங்கும் முன்பே அது நடந்து முடிந்திருக்கும். இன்னொன்று விசாரணையின் கதை. நம் கண்முன் நடப்பது. இரண்டாவது கதை முதல் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி எடுக்கிறது. எனவே நோட்டில் இரண்டு பத்தி போட வேண்டும்: "அன்று நடந்தது", "இன்று தெரிந்தது".

பேய் உள்ள நாவலுக்கு மூன்றாவது பத்தியும் தேவை. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் "ஆவியின் சட்டம்". இந்த உலகத்தில் செத்தவர்களால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை அது எந்தப் பக்கத்தில் சொல்லப்படுகிறதோ அந்தப் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். நல்ல எழுத்தாளர் இந்தச் சட்டத்தை நாவலின் முதல் கால் பகுதிக்குள் சொல்லிவிடுவார். பெரும்பாலும் உரையாடலின் நடுவே, போகிறபோக்கில் சொல்வார். அதனால்தான் நாம் அதைத் தவறவிடுகிறோம்.

'லாக்வுட் அண்ட் கோ'வுக்கு அந்தக் கோடையில் நாங்கள் எழுதிய பக்கம் இன்னும் இருக்கிறது. அதில் உள்ளதைச் சொல்கிறேன். அந்த இங்கிலாந்தில் ஐம்பது வருடத்துக்கும் மேலாக இரவுதோறும் ஆவிகள் நடமாடுகின்றன. அதை அவர்கள் 'பிரச்சினை' என்றே அழைக்கிறார்கள். ஆவி தொட்டால் மனிதர் சாவார். குழந்தைகளாலும் பதின்வயதினராலும் மட்டுமே அவற்றைப் பார்க்கவும் கேட்கவும் முடியும். வயது ஏற ஏற அந்தத் திறன் மங்கிவிடும். ஒவ்வொரு ஆவிக்கும் ஒரு மூலப்பொருள் உண்டு. எலும்பாக இருக்கலாம், நகையாக இருக்கலாம், செத்த இடமாகவே இருக்கலாம். இரும்பு, உப்பு, வெள்ளி, ஓடும் நீர் ஆகியவை ஆவியைத் தடுக்கும்.

இதை வெறும் அலங்காரம் என்று கடந்துவிடக் கூடாது. ஒவ்வொரு விதியிலிருந்தும் ஒரு முடிவு பிறக்கிறது. பெரியவர்களால் ஆவியைப் பார்க்க முடியாது. எனவே இந்த உலகத்தில் ஆபத்தான வேலைக்குப் பிள்ளைகள்தான் போகிறார்கள், பெரியவர்கள் கட்டணம் வாங்குகிறார்கள். மேற்பார்வைக்கு ஒரு பெரியவர்கூட இல்லாத சிறு நிறுவனம் லாக்வுட்டுடையது. அதிகாரிகள் அவர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆவி மூலப்பொருளை விட்டு நகராது; எனவே ஆவி இடம் மாறினால், யாரோ எதையோ தூக்கிச் சென்றிருக்கிறார்கள் என்று பொருள். இந்தக் கடைசி வரியை என் அக்காள் மகள் சிவப்பு மையில் அடிக்கோடிட்டாள். அதற்குப் பிறகு யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அவள் ஒரு பக்கத்தையும் திருப்பவில்லை.

லாக்வுட் நிறுவனம் இயங்கும் வீட்டின் சமையலறையில் ஒரு மேசைவிரிப்பு இருக்கிறது. லாக்வுட், லூசி, ஜார்ஜ் மூவரும் தேநீரும் டோனட்டும் வைத்துக்கொண்டு வழக்கைப் பற்றிய யோசனைகளையும் படங்களையும் அந்த விரிப்பின் மேலேயே கிறுக்குவார்கள். நோட்டுப் போடுவதற்குச் சோம்பல்படும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் அந்த வேலையைச் செய்தது.

நான்காம் படி: ஆவி ஏன் பெயரைச் சொல்லவில்லை?

அக்காள் மகளின் கேள்விக்கு இப்போது வருகிறேன். இந்த வகை நாவலின் உயிர்நாடி இதுதான். செத்தவருக்குத்தான் யார் கொன்றது என்று தெரியும். அவர் கதைக்குள் நிற்கிறார். இருந்தும் மர்மம் நீடிக்க வேண்டும். இதற்கு எழுத்தாளர் என்ன பதில் வைத்திருக்கிறார் என்பதைக் கண்டுபிடித்துவிட்டால், பாதி வழக்கு தீர்ந்தது.

மறதி ஒரு பதில். 'செமெட்ரி பாய்ஸ்' நாவலில் யாட்ரியல் என்ற திருநம்பி இளைஞன், கொலையுண்ட தன் உறவினனின் ஆவியை அழைக்க நினைக்கிறான். அவன் குடும்ப வழக்கப்படி ஆண்கள் ஆவிகளை விடுவிப்பார்கள், பெண்கள் நோய் தீர்ப்பார்கள். அவனை ஆணாக ஏற்றுச் சடங்கு நடத்தக் குடும்பம் தயங்குகிறது. தானே சடங்கைச் செய்து ஆவியை அழைக்கிறான். வந்து நிற்பதோ வேறொருவன், ஜூலியன். தான் எப்படிச் செத்தோம் என்றே ஜூலியனுக்கு நினைவில்லை. இப்படி ஆவிக்கு நினைவு அறுந்திருந்தால், கடைசியாக நினைவிருக்கும் கணம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கும் உடல் கிடக்கும் இடத்துக்கும் இடையில்தான் கொலைகாரன் இருக்கிறான். அந்த நாவலில் காலக்கெடுவும் உண்டு. மெக்சிகோ வழக்கப்படி இறந்தோரைப் போற்றும் நாள்கள், நவம்பர் மாதத்தின் முதல் இரண்டு நாள், நெருங்கிக்கொண்டே வருகின்றன. ஆவி அதிக நாள் தங்கினால் கெட்டுப்போகும் என்பதும் அந்த உலகத்தின் சட்டம்.

குரல் எட்டாதது இன்னொரு பதில். கிறிஸ்டோபர் பைக்கின் 'ரிமெம்பர் மீ' 1989இல் வந்தது. கதை சொல்பவளே செத்த பெண். ஒரு விருந்தில் மாடி முகப்பிலிருந்து விழுந்து இறக்கிறாள். தற்கொலை என்கிறது போலீஸ். தான் குதிக்கவில்லை என்பது அவளுக்கு உறுதியாகத் தெரியும். தள்ளியது யார் என்பது தெரியாது. உயிரோடிருப்பவர்களிடம் அவளால் ஒரு வார்த்தை பேச முடியாது, ஆனால் எந்த வீட்டுக்குள்ளும் போய் நிற்க முடியும். இப்படிப்பட்ட கதையில் அவள் யாரைப் பின்தொடர்கிறாள் என்பதைவிட, யாரைப் பின்தொடராமல் விடுகிறாள் என்பதையே நான் பார்ப்பேன். தனக்குப் பிரியமானவர்களை ஆவியும் சந்தேகிப்பதில்லை.

துண்டு துண்டான சேதி மூன்றாவது. 'தி டிவைனர்ஸ்' நாயகி ஈவி ஒரு பொருளைக் கையில் பிடித்தால் உடையவரின் ரகசியம் அவளுக்குத் தெரியவரும். ஆனால் பொருள் கையில் கிடைக்க வேண்டும், அந்தப் பொருள் இருந்த இடத்தில் நடந்ததுதான் தெரியும். லாக்வுட் குழுவின் லூசியும் குரல்களைக் கேட்பவள்தான், கேட்பதெல்லாம் துணுக்கு. இத்தகைய நாவல்களில் ஆவி சொன்ன சொற்களை அப்படியே, ஒரு எழுத்துப் பிசகாமல் நோட்டில் எழுதுங்கள். பாத்திரங்கள் அதற்குச் சொல்லும் விளக்கத்தைத் தனியாக எழுதுங்கள். பாதி நாவலுக்கு மேல் அந்த விளக்கம் தவறாகவே இருக்கும். சொற்கள் பொய்யாக இரா.

கடைசி வகை எனக்கு மிகவும் பிடித்தது: ஆவியே கொலை செய்கிறது. கெண்டாரே பிளேக்கின் 'அன்னா டிரஸ்டு இன் பிளட்' (2011) நாவலில் 1958இல் கொல்லப்பட்ட அன்னா என்ற பெண், தான் வாழ்ந்த வீட்டுக்குள் வருபவரையெல்லாம் கிழித்துப் போடுகிறாள். ஆவிகளை ஒழிப்பதையே வேலையாகக் கொண்ட காஸ் என்ற இளைஞனை மட்டும் விட்டுவிடுகிறாள். கொலைகாரி யார் என்பது முதலிலேயே தெரியும். ஏன் இவனை விட்டாள், அவளை இப்படி ஆக்கியது யார் என்பதே மர்மம். இத்தகைய கதையில் சந்தேகப் பட்டியல் போட்டுப் பயனில்லை. பழைய காலத்தைத் தோண்டுங்கள்.

இந்த நான்கில் எதிலும் அடங்காத காரணம் ஒன்றை நாவல் சொன்னால் கொஞ்சம் எச்சரிக்கையாகப் படியுங்கள். எந்தக் காரணமும் சொல்லாமல், ஆவி கடைசி அத்தியாயத்தில் திடீரென்று பேசிவிட்டால் அந்த எழுத்தாளர் நம்மை மோசம் செய்துவிட்டார். நாக்ஸ் பாதிரியார் பயந்தது இதற்குத்தான்.

ஐந்தாம் படி: அலறலுக்கு முந்தைய இரண்டு பக்கம்

இது எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. படித்துப் படித்துக் கண்டது. இந்த நாவல்களில் ஒரு முக்கியத் தடயத்தை எழுத்தாளர் நம் கண்முன் வைக்க வேண்டும், அதே நேரம் நாம் அதை மறக்கவும் வேண்டும். சாதாரண மர்ம நாவலில் தடயத்தை ஒரு பட்டியலின் நடுவே ஒளித்து வைப்பார்கள். பேய் நாவலில் அதைவிட வசதியான திரை கையில் இருக்கிறது: பயம். விளக்கு அணைகிறது, குளிர் ஏறுகிறது, மூலையில் ஒரு உருவம். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்கு ஓடுகிறோம். சற்று முன் ஒருவர் தன் கடிகாரத்தைக் கழற்றி வைத்தது நினைவிலிருந்து போய்விடுகிறது.

எனவே ஒவ்வொரு பெரிய அலறலுக்குப் பிறகும், அத்தியாயம் முடிந்ததும் இரண்டு பக்கம் பின்னே போங்கள். யார் எங்கே நின்றார்கள், யார் அறையை விட்டுப் போனார்கள், எந்தப் பொருள் தேவைக்கு அதிகமாக வர்ணிக்கப்பட்டது என்று பாருங்கள். முதல் வாசிப்பில் அலறலை அனுபவிப்பதை விட்டுவிட வேண்டாம். பயந்து முடித்த பிறகு திரும்பினால் போதும்.

இன்னொன்று: பேய் வந்ததற்காக மனிதர்களின் மேல் உள்ள சந்தேகத்தைத் தளர்த்தாதீர்கள். அந்த நேரத்தில் எங்கே இருந்தாய் என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் சொன்ன அலிபியைச் சரிபாருங்கள். பேயைச் சாக்காக வைத்துக் கொலை செய்யும் மனிதர்கள் இந்த நாவல்களில் நிறைய உண்டு.

ஆறாம் படி: உண்மை வரலாறு வரும் இடம்

சில நாவல்கள் நடந்த கொலைகளின் மேல் கட்டப்பட்டவை. 'தி நேம் ஆஃப் தி ஸ்டார்' 1888இல் லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் நடந்த ஜாக் தி ரிப்பர் கொலைகளைத் தொட்டுக்கொண்டு எழுதப்பட்டது. நாயகி ரோரி லண்டனுக்கு வரும் நேரத்தில் யாரோ அதே கொலைகளை அதே தேதிகளில் மறுபடியும் செய்யத் தொடங்குகிறார்கள். நகரம் முழுக்கக் கண்காணிப்புக் கேமரா. எதிலும் கொலைகாரன் பதிவாகவில்லை. ரோரி பார்த்த மனிதனைப் பக்கத்தில் நின்ற தோழி பார்க்கவில்லை.

1888இன் தேதிகளை முன்கூட்டியே தெரிந்துகொண்டு படித்தால் இந்த நாவல் இரண்டு மடங்கு பதறவைக்கும். ஆகஸ்ட் 31, செப்டம்பர் 8, செப்டம்பர் 30, நவம்பர் 9. செப்டம்பர் 30 அன்று மட்டும் இரண்டு பெண்கள். பாத்திரங்கள் விருந்துக்குத் திட்டமிடும்போது நமக்கு நாள்காட்டி தெரியும். அந்தப் பதற்றத்துக்காகவே எழுத்தாளர் தேதிகளை அப்படியே வைத்திருக்கிறார்.

தேதியோடு பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள்: மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி. கொன்றவனுக்கு உலகமறிந்த பட்டப்பெயர் இருக்கிறது. கொல்லப்பட்ட ஐந்து ஏழைப் பெண்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே அந்த நாவலைப் படிக்கும் வரை ஒரு பெயரும் தெரியாது.

ஏழாம் படி: ஐந்தில் நான்கு முடிந்ததும் நிறுத்துங்கள்

எல்லெரி குவீன் என்ற பெயரில் வந்த ஆரம்ப நாவல்களில், தீர்வுக்கு முன் ஒரு பக்கத்தில் வாசகருக்குச் சவால் விடுவார்கள்: எல்லாத் தடயமும் இப்போது உங்கள் கையில் இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்று. இன்றைய இளையோர் நாவல்களில் அந்தப் பக்கம் இல்லை. நாமே அதைச் செருகிக்கொள்ள வேண்டும். ஐந்தில் நான்கு பங்கு முடிந்த இடத்தில் புத்தகத்தை மூடுங்கள். யார், ஏன், ஆவியின் எந்தச் சட்டம் அவனைக் காட்டிக்கொடுக்கும் என்று மூன்று வரி எழுதுங்கள். மூன்றாவது வரிதான் முக்கியம். ஆளை ஊகத்தில் பிடித்துவிடலாம். சட்டத்தை ஊகிக்க முடியாது.

தொடர் நாவல்களில் மட்டும் பொறுமை தேவை. மாரீன் ஜான்சனின் 'ட்ரூலி டீவியஸ்' (2018) முதல் புத்தகத்தோடு முடியாது; 1936இல் நடந்த கடத்தலின் மர்மம் அவிழ 2020இல் வந்த மூன்றாவது புத்தகம் வரை போக வேண்டும். அதைத் தெரியாமல் ஒன்றை மட்டும் வாங்கி இரவில் முடித்துவிட்டுத் தவிக்காதீர்கள். லாக்வுட் வரிசையில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனி வழக்கு உண்டு, அடியில் பெரிய கதை ஒன்றும் ஓடும். ஆகவே வரிசை மாற்றிப் படிக்க வேண்டாம்.

எட்டாம் படி: பெற்றோருக்கு

பத்து வயதைத் தாண்டிய, பயக்கதை பிடிக்கும் பிள்ளைக்கு லாக்வுட் ஒத்துவரும். ஹோலி ஜாக்சனின் நாவல்களில் போதைப்பொருள், தற்கொலை, பாலியல் வன்முறை பற்றிய பேச்சு வரும். 14 வயதுக்கு முன் நான் தரமாட்டேன். 'தி டிவைனர்ஸ்' கொலைக் காட்சிகள் கோரமானவை. நீங்களும் சேர்ந்து படிப்பதே நல்ல வழி. பயந்த பிள்ளையிடம் "பேயெல்லாம் கிடையாது" என்று சொல்வதைவிட, "இந்தப் பேயால் என்ன முடியாது?" என்று கேட்டுப் பாருங்கள். பட்டியல் போடத் தொடங்கிய பிள்ளை தூங்கிவிடும்.

ஒன்பதாம் படி: செத்தவரைத் திரும்பப் பாருங்கள்

லோயிஸ் டங்கன் என்ற அமெரிக்க எழுத்தாளர் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். 1970களில் பதின்வயதினருக்காக அவர் எழுதிய திகில் நாவல்களில் ஆபத்தில் சிக்கிய பெண்களும், ஆவி புகும் விடுதிப் பள்ளியும், மறைக்கப்பட்ட கொலைகளும் நிறைந்திருக்கும். 1989இல் அல்பகெர்க்கி நகரில் அவருடைய 18 வயது மகள் காரோட்டிச் செல்லும்போது சுட்டுக் கொல்லப்பட்டாள். விசாரணையில் நிறைவு காணாத தாய், தானே விசாரிக்கத் தொடங்கி, 1992இல் அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதற்குப் பிறகு ஆபத்தில் சிக்கும் இளம்பெண்களைப் பற்றிய திகில் நாவல்கள் எழுத அவருக்கு மனம் வரவில்லை. 2016இல் காலமானார்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் இந்த நாவல்களைப் படிக்கும் விதம் மாறியது. முன்பெல்லாம் கொலைகாரனின் பெயர் தெரிந்ததும் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிடுவேன். இப்போது முடித்தவுடன் முதல் அத்தியாயத்துக்குத் திரும்புகிறேன். யார் கொன்றது என்று தெரிந்துவிட்டதால் தடயம் தேடும் அவசரம் இல்லை. செத்த பெண் முதலில் எப்படி அறிமுகமானாள், அவளைப் பற்றி மற்றவர்கள் எந்தச் சொற்களில் பேசினார்கள், ஆவியாக வந்தபோது எதைத் தேடி வந்தாள் என்று நிதானமாகப் பார்க்கலாம். கையால் தொடும் அளவுக்கு அருகில் அவள் நின்ற காட்சிகளில், முதல் வாசிப்பில் எனக்குப் பயம் மட்டுமே தெரிந்திருந்தது. அவள் உதவி கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது இரண்டாம் வாசிப்பில்தான் தெரிந்தது.

அக்காள் மகளையும் அப்படித் திரும்பப் படிக்கச் சொன்னேன். விடுமுறை முடிந்து அவள் ஊருக்குப் போன பிறகு, விட்டுச் சென்ற நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்துக் கேள்வி அப்படியே இருந்தது. உள்ளே "செத்தவள்" என்று அவள் எழுதியிருந்த இடங்களிலெல்லாம் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில் ஒரு பெயரை எழுதியிருந்தாள். அந்தப் பெயர் லாக்வுட் வரிசையின் முதல் நாவலில் பல அத்தியாயம் கடந்தபின்தான் தெரியவரும் என்பதால் அதை இங்கே எழுதவில்லை.